முன்னால ரெண்டு இஞ்ச் தூக்கினேன், ஸ்டீரிங் திரும்பி வரமாட்டேங்குது

18 ஏப்ரல் 2024 (தொண்டியில இருந்து வந்த கேள்வி)

"என்கிட்ட 1996 மஹிந்திரா எம்எம்540 ஜீப். பின்பாடியை வெட்டி பிக்கப் ஆக்கி வச்சிருக்கேன், 4 வீல் வேலை செய்யுது. வலை, ஐஸ் பெட்டி ஏத்திக்கிட்டு கரை மணல்ல இறங்கும்போது முன் ஹவுசிங் (ரெண்டு முன்சக்கரத்தையும் சேர்க்குற அச்சுக்கூடு) இடிக்குதுன்னு முன்னால மட்டும் நீள ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங் நுனியைச் சட்டத்துல தொங்கவிடுற தகடு) போட்டேன். பழசைவிட நாலு இஞ்ச் நீளம். வண்டி ரெண்டு இஞ்ச் ஏறிருச்சு. இப்ப ரோட்டுல 50 தாண்டினா அலையுது. திருப்பம் முடிச்சு கையை லேசா விட்டா ஸ்டீரிங் நேராகுறதே இல்ல. பட்டறையில மூணு தடவை டோ (முன்சக்கரம் ரெண்டும் உள்ள, வெளிய பார்க்குற அளவு) பார்த்தாச்சு. இப்ப டயர் மாத்தச் சொல்றாங்க. மாத்தணுமாண்ணே?"

19 ஏப்ரல், ராத்திரி

மாத்தாதீங்க. டயர்ல ஒண்ணுமில்ல, டோலயும் ஒண்ணுமில்ல. காஸ்டர் போச்சு. ஓட்டுப் போட்டுட்டு வந்து உக்காந்தா கரண்ட் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல. மிச்சம் நாளைக்கு.

20 ஏப்ரல்

சைக்கிள் ஃபோர்க்கை நினைச்சுக்குங்க. ஹேண்டில்பார் பக்கம் பின்னால சாஞ்சிருக்கும், சக்கரப் பக்கம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தச் சாய்வும் உதவுறதாலதான் கையை விட்டுட்டு மிதிச்சாலும் முன்சக்கரம் நேரா ஓடுது. ஜீப்புல ஃபோர்க் செய்யுற வேலையை கிங்பின், அதாவது முன்சக்கரம் எதைச் சுத்தித் திரும்புதோ அந்த ஆணி, செய்யுது. அதோட மேல்முனை கொஞ்சம் பின்னால சாஞ்சு நிக்கணும், அந்தச் சாய்வுதான் காஸ்டர். இந்த ரக வண்டிக்கு மூணு டிகிரி சுத்துவட்டாரம் இருந்தா சரி.

இப்ப உங்க ஷாக்கிள் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க. முன்பக்கம், பம்பர் கிட்ட இருக்கும். பட்டையோட பின்கண் (பின்நுனியில இருக்குற வளையம்) சட்டத்துல ஆணி போட்டு அசையாம நிக்கும். ஷாக்கிளை நீட்டினா முன்கண் மட்டும் சட்டத்தை விட்டுக் கீழ இறங்கும், பின்கண் இருந்த இடத்துலயே இருக்கும். மொத்தப் பட்டையும் மூக்கைக் குனிஞ்சுக்கும். அது மேல உக்காந்திருக்குற ஹவுசிங்கும் கூடவே குனியும். கிங்பின் மேல்முனை முன்னால வந்துரும்.

எவ்வளவு குனியும்னு கணக்குப் போடலாம். கண்ணுக்குக் கண்ணு பட்டை நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்னு வைங்க. நீங்க நீட்டினது நாலு இஞ்ச், 100 மில்லி. ஒரு மீட்டருக்கு 100 மில்லி இறக்கம்னா ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. இருந்ததே மூணு. இப்ப உங்க கிங்பின் தலைகீழா, முன்னால சாஞ்சு நிக்குது. சைக்கிள் ஃபோர்க்கோட மேல்முனையை முன்னால சாய வச்சுக்கிட்டு ஈசிஆர்ல 50ல போற கதைதான். ஸ்டீரிங் எப்படித் திரும்பி வரும்?

இன்னொண்ணு, ஷாக்கிளை எவ்வளவு நீட்டுறோமோ அதுல பாதிதான் வண்டி ஏறும். ஹவுசிங் பட்டையோட நடுவுல இருக்கே, ஒரு நுனி நாலு இஞ்ச் இறங்கினா நடு ரெண்டு இஞ்ச்தான் இறங்கும். ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு ஆறு டிகிரி குடுத்திருக்கீங்க. நானும் 2019ல ஒரு கடையில இதே மாதிரிச் சரக்கைத்தான் வாங்கினேன். நான் வாங்கினது பழசைவிட ரெண்டு இஞ்ச் நீளமான ஷாக்கிள், அதனால பாதி முட்டாள்தனம்.

அளக்கணும்னா சமதளத்துல வண்டியை நிறுத்தி, சக்கரத்தை நேரா வச்சு, கிங்பின் மேல்மூடியைத் துணியால துடைச்சுட்டு போன்ல மட்டம் பார்க்குற ஆப்பை அது மேல வைங்க. துல்லியமா இருக்காது. ஆனா பின்னால சாயுதா முன்னால சாயுதான்னு தெரிஞ்சுபோகும். எனக்கு அது போதுமா இருந்துச்சு.

21 ஏப்ரல்

நேத்து போட்ட கணக்குல ஒரு ஓட்டை. முன்னால மட்டும் தூக்கினா சட்டமே மூக்கைத் தூக்கிக்கிட்டுப் பின்னால சாயும். அது கொஞ்சம் காஸ்டரைத் திருப்பித் தரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில இந்த வண்டிக்கு 2.3 மீட்டர். 50 மில்லி ஏத்தினா ஒண்ணேகால் டிகிரி. ஆக ஆறு போச்சு, ஒண்ணேகால் வந்துச்சு, மூணு கையில இருந்துச்சு. மைனஸ் ஒண்ணரை பக்கம் நிக்குறீங்க. "ஆறு டிகிரி போச்சு"ன்னு சொன்னதை அப்படிக் குறைச்சுப் படிச்சுக்குங்க.

நாளைக்கே பின்னாலயும் தூக்கி வண்டியை மட்டமாக்கினீங்கன்னா அந்த ஒண்ணேகாலும் போயிரும். யாராவது "பின்னாலயும் தூக்கிட்டா சரியாப்போகும்"னு சொன்னா நம்பாதீங்க.

23 ஏப்ரல்

வைத்தியம் ஆப்பு. ஊர்ல ஆப்பு வைக்கிறதுன்னா வேற அர்த்தம், இது நிஜ ஆப்பு. ஒருபக்கம் தடியா, ஒருபக்கம் மெல்லிசா இருக்குற இரும்புத் தகடு. பட்டைக்கும் ஹவுசிங் மேடைக்கும் நடுவுல வச்சு யூ போல்ட்டை இறுக்குறது. ஹவுசிங் அந்த அளவுக்குத் திரும்பி உக்காந்துக்கும். தடிப்பக்கம் பின்னால வரணும்.

லேத்துல ஈயத்தகடு மாதிரி வெள்ளையா பளபளன்னு வார்ப்பு அலுமினியத்துல காட்டுவாங்க, வாங்காதீங்க. நம்ம கரையில இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல உப்புத்தண்ணி பூந்தா அலுமினியம் வெள்ளை மாவா உதிரும். உதிர்ந்த அளவுக்கு யூ போல்ட் லூஸாகும். எனக்கு ஒன்பது மாசம் தாங்குச்சு. கழட்டினப்ப கையில வந்தது பாதி ஆப்பு, பாதி விபூதி.

மூணு, நாலு டிகிரிக்கு மேல ஆப்பு வைக்கவும் கூடாது. யூ போல்ட் கோணலா இழுக்கும், சென்டர் போல்ட் வளைஞ்சு நிக்கும். அதனால நாலு இஞ்ச் ஷாக்கிளை வச்சுக்கிட்டு ஆப்பால சரிபண்ண முடியாது. முதல்ல ஷாக்கிளைக் குட்டையாக்குங்க.

25 ஏப்ரல்

நிறுத்துங்க, நிறுத்துங்க. 23ம் தேதி நான் எழுதினது தப்பு. யாராவது அதைப் படிச்சுட்டு மாட்டியிருந்தா கழட்டுங்க.

தடிப்பக்கம் எங்க வரணும்ங்கிறது பட்டை மேல இருக்கா கீழ இருக்காங்கிறதைப் பொறுத்தது. நம்ம வண்டில கம்பெனி அமைப்பே பட்டை கீழ, ஹவுசிங் மேல. ஹவுசிங் தலை பின்னால சாயணும்னா அதோட முன்பக்கம் தூக்கணும். அப்ப தடிப்பக்கம் முன்னால. பட்டையை ஹவுசிங்குக்கு மேல ஏத்திக் கட்டின வண்டிகளுக்கு ஆப்பு ஹவுசிங் தலைக்கு மேல உக்காருது, அங்க தடிப்பக்கம் பின்னால. நான் கடைசியாப் பார்த்தது என் மச்சான் வண்டி, அது மேலேத்தின வண்டி. அந்த ஞாபகத்துல எழுதிட்டேன்.

சொல்ல வெக்கமா இருக்கு, என் வண்டிலயும் முதல்தடவை இப்படித்தான் மாட்டினேன். இறுக்கி முடிச்சு, டீ குடிச்சுட்டு, கெத்தா ஏர்வாடி வரைக்கும் ஒரு ரவுண்டு போனேன். போகும்போது ஸ்டீரிங் ரெண்டு கையையும் பிடிச்சு ஆட்டுச்சு. வாப்ளிங்னா அப்படி ஒரு வாப்ளிங், டேஷ்போர்டுல வச்சிருந்த தீப்பெட்டி குதிச்சு என் மடியில விழுந்துச்சு. 20க்கு இறக்கினப்பறம்தான் நின்னுச்சு. திரும்பி வந்து போனை வச்சுப் பார்த்தா இருந்ததைவிட ரெண்டு டிகிரி மோசம்.

மாட்டினதும் ரோட்டுக்கு எடுக்காதீங்க. போனை வச்சுப் பாருங்க.

27 ஏப்ரல்

ஒருத்தர் "ஷாக்கிளும் வேணாம், ஆப்பும் வேணாம், ரெண்டு இஞ்ச் கட்டையைக் குடுத்துத் தூக்கிருங்க"ன்னு சொல்லியிருக்கார். அண்ணே, பட்டை கீழ, ஹவுசிங் மேல இருக்குற வண்டில நடுவுல கட்டை வச்சா வண்டி இறங்கும். கீழ்வானத்துல நிலா பார்க்க வசதியா இருக்கும், வேற பிரயோசனம் இல்ல.

பட்டை மேல இருக்குற வண்டிக்கும் முன்னால கட்டை வைக்கவே கூடாது. பிரேக் அடிச்சா ஹவுசிங் உருளப் பார்க்கும், கட்டை அதுக்கு நெம்புகோல். பின்னால லாரிக்காரங்க வைக்கிறாங்கன்னு முன்னால வைக்கிறது தற்கொலை.

2 மே

காஸ்டரைச் சரிபண்ணினா புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் என்னாகும்னு கேட்டவருக்கு. சரியாப் பிடிச்சீங்க, இது இந்த வேலையில உள்ள நிஜமான சிக்கல்.

முன் ஹவுசிங்ல கிரவுன் மூக்கு (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற இடம்) பின்னால பார்த்து இருக்கு. காஸ்டருக்காக ஹவுசிங் தலையைப் பின்னால சாய்ச்சா அந்த மூக்கு தரையைப் பார்க்கும். வண்டியைத் தூக்கினதுல ஏற்கனவே புரொப்பல்லர் ஷாஃப்ட் இன்னும் சரிவாகியிருக்கும். இப்ப ஜாயிண்ட் இன்னும் மடங்கும். ஒண்ணைச் சரிபண்ணினா ஒண்ணு கெடும். அளந்து வெட்டி ஹவுசிங் நுனியைத் திருப்பி வெல்டிங் பண்ணினாத்தான் ரெண்டும் சரியாகும். அந்த வேலையை நம்ம ஊர் வெல்டிங்ல செய்ய நான் சொல்லமாட்டேன்.

கீழக்கரையில ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) இருக்கார், 70க்கு மேல வயசு, ஜீப் வேலையிலயே நரைச்சவர். அவர்கிட்ட இதை ஒரு மணி நேரம் புலம்பினேன். கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ரோட்ல போறப்ப ஹப்பை லாக் பண்ணியா போறீங்க தம்பி?"

அவ்வளவுதான் விஷயம். ஹப்பைத் திறந்துவிட்டு (முன்சக்கரத்தை அச்சுல இருந்து பிரிச்சு) ரெண்டு வீல்ல போனா முன் ஷாஃப்ட் சுத்தவே சுத்தாது. சுத்தாத ஜாயிண்ட் எந்தக் கோணத்துல இருந்தா என்ன? மணல்ல 4 வீல் போடுறப்ப 10, 15 வேகம், அஞ்சு நிமிஷம். கடமுடன்னு சத்தம் வரும், வரட்டும். ஆனா காஸ்டர் ஒவ்வொரு கிலோமீட்டரும் வேணும். காஸ்டருக்கு முதல் மரியாதை, ஜாயிண்டுக்கு மாசம் ஒரு தடவை கிரீஸ். ஹப்பையே கழட்டிட்டு நிரந்தரமா லாக் போட்டு வச்சிருக்கவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

காசு வாங்க மாட்டேன்னுட்டார். அடுத்தவாரம் போறப்ப அரைக்கிலோ தொதல் இனிப்பு வாங்கிட்டுப் போனேன். "கீழக்கரைக்காரனுக்கே கீழக்கரைத் தொதலா"ன்னு சிரிச்சார், ஆனா எடுத்து உள்ள வச்சுக்கிட்டார்.

6 மே

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

தூக்கினா ஸ்டீரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்குற டிராக் லிங்க் சாயும். ஸ்டீரிங் பாக்ஸ் சட்டத்தோட மேல போயிருது, சக்கரம் கீழயே இருக்கு, நடுவுல இருக்குற தண்டு ஏணி மாதிரி சரிஞ்சு நிக்கும். அப்ப ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் சக்கரம் மேல கீழ போகுறப்ப தண்டு பக்கவாட்டுல தள்ளும். நீங்க திருப்பாமலே வண்டி திரும்பும். காஸ்டரைச் சரிபண்ணியும் மேட்டுல ஏறுறப்ப மட்டும் வண்டி இடப்பக்கம் துள்ளுதுன்னா இதுதான்.

இதுக்கு ஸ்டீரிங் பாக்ஸ்ல தொங்குற பிட்மேன் ஆர்மை இன்னும் கீழ இறங்கின ரகமா மாத்தணும்னு படிச்சிருந்தேன். நம்மூர்ல கிடைக்கல. வேற ஊர்ல ஒரு பட்டறையில "மாத்துறதெல்லாம் எதுக்கு, இருக்குறதையே காய்ச்சி வளைச்சுத் தர்றேன்"னாங்க. நானும் சரின்னேன். கண்ணு முன்னாலயே உலையில செக்கச்செவேர்னு காய்ச்சி, அடிச்சு வளைச்சு, தண்ணில முக்கி எடுத்துக் குடுத்தாங்க. சூடு ஆறாம ஆவி பறக்க வாங்கிட்டு வந்தேன். ஸ்டீரிங் அற்புதமா இருந்துச்சு. ஏழு மாசம்.

ஒருநாள் கிரீஸ் அடிக்கப் படுத்தவன், துணியால துடைச்சா வளைவுக்கு உள்பக்கம் ஒரு கோடு. தலைமுடி மாதிரி. துரு அந்தக் கோட்டுல மட்டும் ஆரஞ்சு நிறத்துல கசிஞ்சு நின்னுச்சு, மத்த இடமெல்லாம் கறுப்பு. நகத்தை வச்சா நகம் மாட்டுச்சு. அடிச்சு உருவாக்கி, பதம் குடுத்த இரும்பு அது. காய்ச்சினதுல பதம் போச்சு, தண்ணில முக்கினதுல கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்னு தெரியாது. அதுக்கு முந்தின நாள்தான் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு பாம்பன் ரோட்டுப் பாலத்துல போய்ட்டு வந்தேன்.

பட்டறைக்காரரைத் திட்டி என்ன? வளைக்கச் சொன்னவன் நான்.

ஸ்டீரிங்ல இருக்குற எந்தச் சாமானையும் காய்ச்சாதீங்க, வெல்டிங் வைக்காதீங்க. ஒட்டுப்போட்ட டை ராடு போட்டு ஓட்டுறவங்க இந்த மாவட்டத்துலயே எத்தனையோ பேர் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னு சொல்ல வர்றவங்க சொல்லிக்குங்க.

7 மே

ஒருத்தர் தனியா கேட்டார், அந்த ஆர்மை இப்ப என்ன பண்ணினீங்கன்னு. வேற யாரும் எடுத்து மாட்டிரக்கூடாதுன்னு நடுவுல அறுத்துப் போட்டேன்.

15 மே

தனுஷ்கோடி வண்டிங்க எவ்வளவு தூக்கியிருந்தாங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. என் சொந்த யோசனையே அங்கதான் மாறுச்சு.

புதுசா வர்றவங்களுக்கு: 1964 டிசம்பர் புயல்ல ஊர் அழிஞ்சப்பறம் முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சுபோச்சு. அதுக்கு அந்தப்பக்கம் மணலும் தேங்கின கடல்தண்ணியும்தான். 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார்ரோடு திறக்குற வரை, சுத்திப்பார்க்க வர்ற ஜனத்தை ஜீப்பும் வேனும்தான் ஏத்திக்கிட்டுப் போகும். என் பெரியம்மா மகன் அண்ணன் அதுல ஒரு ஜீப் ஓட்டினார். ஒரு வண்டிக்குள்ள எத்தனை பேர்னு எண்ணினா எண்ணிக்கை முடியுறதுக்குள்ள அரிச்சல்முனை வந்துரும்.

அந்த ஜீப் தூக்கினதே இல்ல. கம்பெனி உயரம். தேய்ஞ்ச பட்டை, அதனால கம்பெனி உயரத்தைவிடக் கம்மி. ஆனா சத்திரம் தாண்டினதும் அண்ணன் இறங்கி ஒரு குச்சியை எடுத்து நாலு டயர்லயும் காத்தைப் பிடுங்குவார். மீட்டர் கிடையாது. டயர் அடியில தோசை மாதிரி பரவுற வரைக்கும். பின்னாடி நான் ஒருநாள் மீட்டர் வச்சுப் பார்த்தேன், 16 பவுண்டு. திரும்பி வந்து பம்ப் வச்சு ஏத்திக்குவார்.

நான் ஒரு இஞ்ச் தூக்கி, 32 பவுண்டு காத்தோட வாலிநோக்கம் கரையில புதைஞ்சு நின்னு, ஃபைபர் படகு இழுக்க வந்த வண்டியைப் படகுக்காரங்க இழுத்துவிட்டாங்க. அண்ணன்கிட்ட சொன்னேன். "மணல்ல வண்டி இடிக்கல, புதையுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம ஏன்டா காசை இறைச்ச"ன்னார்.

அதனால தொண்டிக்காரரே, உங்க ஹவுசிங் நிஜமாவே எதுலயாவது இடிக்குதா, இல்ல சக்கரம் புதைஞ்சு ஹவுசிங் மணல்ல உக்காருதா? முன்னதுன்னா தூக்கணும். பின்னதுன்னா காத்து இறக்கணும். ட்யூப் டயர்னா 15க்குக் கீழ போகாதீங்க, ரிம்முக்குள்ள டயர் நழுவி வால்வைப் பிச்சுரும். காத்து இறக்கின டயரோட ரோட்டுல வேகம் போகாதீங்க. கரையோரம் சீமைக்கருவேல முள் வேற, காத்து கம்மியா இருந்தா பக்கச்சுவர்ல ஏறும்.

16 மே

பதில் வந்துச்சு: "புதையுதுதான்னு நினைக்கிறேன்ணே."

நினைச்சேன்.

28 மே

பிரேக் ஹோஸை மறந்தே போனேன், யாரும் ஞாபகப்படுத்தவும் இல்ல. எல்லாரும் காஸ்டர் காஸ்டர்னு நான் சொன்னதையே பிடிச்சுக்கிட்டாச்சு.

நான் தூக்கி ரெண்டாவது மாசம். கரையில படகை வடம் போட்டு இழுத்துக்கிட்டிருக்கேன், இடது முன்சக்கரம் பிள்ளைங்க ஊத்து தோண்டின குழில இறங்குச்சு. வண்டி சாஞ்சு, சக்கரம் முழுசாத் தொங்குச்சு. ஏத்தி எடுத்து, படகை மேட்டுல விட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். உப்பளம் பக்கம் வளைவுல பிரேக்கை மிதிச்சா பெடல் பாதிக்கு மேல உள்ள போகுது. ரெண்டு தடவை மிதிச்சா கொஞ்சம் பிடிக்குது. முதல் கியர்ல, ஹேண்ட் பிரேக்கைக் கையில பிடிச்சபடி வந்து சேர்ந்தேன்.

பார்த்தா, ஹோஸ் சட்டத்துல மாட்டுற நுனிகிட்ட ரப்பர் மேல்தோல் வட்டமாக் கீறி, உள்ள நூல்வலை வெள்ளையாத் தெரியுது. அந்த நூல் வழியா ஆயில் முத்து முத்தாக் கோத்து, கீழ டிரம்மேல விழுந்து, அங்க ஒட்டியிருந்த மணலைக் கறுப்பாக் குழைச்சு வச்சிருந்துச்சு. நின்ன உயரத்துல ஹோஸ் போதுமான நீளம்தான். சக்கரம் தொங்குறப்ப எவ்வளவு நீளம் வேணும்னு யாரும் பார்க்கல.

தூக்கினப்பறம் சட்டத்துக்கு ஜாக்கி குடுத்து ரெண்டு முன்சக்கரத்தையும் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை இந்த ஓரம் அந்த ஓரம் திருப்பிப் பாருங்க. ஹோஸ் தளர்வா இருக்கணும். அதே நிலையில ஷாக் அப்சர்வர் முழு நீளத்துக்கு இழுத்துக்கிட்டு நிக்குதான்னும் பாருங்க. சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துறது ஷாக்கோட வேலை இல்ல, கண்ணு பிச்சுக்கும்.

9 ஜூன்

தேவிபட்டினம் தம்பி 2014 மஹிந்திரா தார் ஜீப்பைத் தூக்குறது பத்திக் கேட்டிருக்காப்ல. அது வேற ஜாதி தம்பி. அதுல முன்னால பட்டை இல்ல, டார்ஷன் பார், அதாவது முறுக்குல ஸ்பிரிங்கா வேலை செய்யுற கம்பி. போல்ட்டை முறுக்கினா அரைமணி நேரத்துல ரெண்டு இஞ்ச் ஏறும், செலவே இல்ல, அதனாலதான் எல்லாரும் முறுக்குறாங்க.

முறுக்கினா ஸ்பிரிங் கடினமாகும்னு சொல்றது தப்பு. கம்பி அதே கம்பி, அதோட வலு மாறாது. சக்கரம் நிக்குற இடம்தான் மாறுது. ஆர்ம் ஏற்கனவே கீழ்நோக்கி இறங்கி நிக்குறதால, பள்ளத்துல சக்கரம் இன்னும் இறங்க இடம் கிடையாது, மேல் ஆர்ம் ஸ்டாப்பர்ல போய் டக்குன்னு இடிக்கும். அந்த இடியைத்தான் "கடினமாயிருச்சு"ன்னு சொல்றாங்க. கூடவே ட்ரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் மடங்கி பூட் கிழியும். கிழிஞ்ச பூட்டுக்குள்ள நம்ம கடற்கரை மணல் போச்சுன்னா ஜாயிண்ட் அம்மியாயிரும்.

ஒரு இஞ்சுக்கு மேல முறுக்காதீங்க, முறுக்கினப்பறம் அலைன்மென்ட் பாருங்க. எனக்கு அந்த வண்டில இதுக்கு மேல கைப்பழக்கம் இல்ல.

14 ஜூன்

இன்னையோட மீன்பிடி தடைக்காலம் முடியுது. விசைப்படகெல்லாம் பெயின்ட் அடிச்சு நிக்குது, நாளையில இருந்து ஐஸ் வண்டி ஓட்டம். இனிமே பதில் லேட்டாத்தான் வரும்.

எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) பத்திக் கேட்டவருக்குச் சுருக்கமா: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்குற கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. பின்பாடி வெட்டினது, நீள ஷாக்கிள் எல்லாமே கேள்விக்குரியதுதான். நான் ஆர்டிஓ இல்ல, என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

3 ஆகஸ்ட்

கச்சான் காத்து மண்ணை அள்ளி வீசுது, கரையில வேலை இல்ல. வண்டியைக் கழட்டிப் போட்டேன்.

2019ல ஷாக்கிள் போடுறப்ப "துருப்பிடிக்காது"ன்னு எவர்சில்வர் போல்ட் போட்டேன். பெருமையா எல்லார்கிட்டயும் சொன்னேன், இங்கயும் ஒரு பழைய குறிப்புல சொன்ன ஞாபகம். அதையும் வாபஸ் வாங்கிக்கிறேன். துருப்பிடிக்கலதான். ஆனா கழட்டினா நடுவுல வாழைப்பழம் மாதிரி லேசா வளைஞ்சிருக்கு, நட்டு மரையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, அறுத்துத்தான் எடுத்தேன். தலையில ஏ2-70ன்னு போட்டிருக்கு. 70ன்னா இழுவையைத் தாங்குற வலு 700 மெகாபாஸ்கல். சாதாரணக் கறுப்பு ஹைடென்சில் போல்ட்டுல 8.8ன்னு இருந்தா 800, 10.9ன்னா 1000. பளபளப்பைப் பார்த்து வலுக் கம்மியானதை வாங்கியிருக்கேன்.

இப்ப 10.9 போட்டு, மரையில கிரீஸ் தடவி, மழைக்கு முந்தி ஒரு தடவை, தைக்கு ஒரு தடவை கழட்டித் துடைச்சு மாட்டுறதா முடிவு. துருப்பிடிச்சா 60 ரூவா போல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்.

ரப்பர் புஷ் போட்ட ஷாக்கிளை ஜாக்கில தொங்குறப்ப இறுக்காதீங்க. வண்டி தரையில உக்காந்து, பாரம் பட்டைமேல வந்தப்பறம் இறுக்குங்க. இல்லன்னா புஷ் முறுக்கின நிலையிலயே நின்னு சீக்கிரம் கிழியும். யூ போல்ட் புதுசாப் போடுங்க, பழசை மறுபடி மாட்டாதீங்க, 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க. எனக்கு மறு இறுக்கத்துல கால் சுத்து வந்துச்சு.

11 ஆகஸ்ட்

முடிவா என் வண்டில என்ன பண்ணினேன்னு கேட்டவங்களுக்கு.

நீள ஷாக்கிளைக் கழட்டிட்டேன். ஆப்பையும். முன் பட்டை செட்டைப் பிரிச்சு, வளைவு செத்துப்போயிருந்த பட்டைகளைப் பச்சையாவே அடிச்சு வளைவு ஏத்தி, கூட ஒரு பட்டை சேர்த்துக் கட்டினோம். நெருப்பு காட்டவே இல்ல, காக்கா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பார்த்துக்கிட்டார். வளைவு ஏத்தினா ரெண்டு கண்ணும் ஒண்ணா இறங்குது, பட்டை மூக்கைக் குனியுறதில்ல, காஸ்டர் கிட்டத்தட்ட இருந்தபடியே இருக்கு. ஒண்ணேகால் இஞ்ச் ஏறுச்சு. அதுல முக்கால் இஞ்ச், 30 வருஷத்துல தொங்கிப்போனதைத் திருப்பி வாங்கினதுதான்.

பட்டை சேர்த்ததுல காலி வண்டியா போறப்ப உதறுது. அதை மறைக்கல. பல்லு ஆடுற அளவுக்கு இல்ல, ஆனா உதறுது. ஐஸ் ஏத்தினா சரியாகுது. சேர்த்த பட்டையை எடுத்துட்டு வளைவை மட்டும் வச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன். இன்னும் முடிவு பண்ணல.

1 செப்டம்பர் (தொண்டியில இருந்து)

"பழைய ஷாக்கிளையே மாட்டிட்டேன்ணே. ஆப்பும் வைக்கல. மணல்ல 18ல போறேன், புதையல. ஸ்டீரிங் கையை விட்டா தானா வருது. பட்டறையில டயர் மாத்தினதுலதான் சரியாச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. நான் டயரே மாத்தல."

1 செப்டம்பர்

சொல்லிட்டுப் போகட்டும். ஹோஸை ஜாக்கி குடுத்துப் பார்த்தீங்களா?

2 செப்டம்பர்

பார்க்கலையாம். பார்த்துட்டு எழுதுங்க.

அந்த நாலு இஞ்ச் ஷாக்கிளை யாருக்கும் வித்துறாதீங்க. என்னோட ஷாக்கிள் தகடு நாலும் இப்ப ஆட்டுக்கொட்டில் கதவுல கீலா இருக்கு. கதவு நல்லாத் திரும்பி வருது.